சுவை உப்பும் ஆராய்ச்சிச்சாலை எலியும்

எலியைப் பற்றி நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பயிரிடுவோர்க்கு அது வரப்பில் வளை தோண்டிக் கதிரைக் களவாடும் பிராணி; நெசவாளர்க்குப் பாவையும் நூற்கழியையும் ஓரிரவில் கடித்துக் குதறும் பிராணி; பண்டகசாலைக்கு மூட்டை கிழிக்கும் பிராணி. ஆயினும் இதே எலியின் இனத்தைச் சேர்ந்த வெள்ளெலியும் சுண்டெலியும் உலகெங்குமுள்ள ஆராய்ச்சிச்சாலைகளில் மனிதனுக்காகப் பெருந்தொண்டு புரிந்து வருகின்றன. மருந்தோ உணவுச் சரக்கோ எதுவாயினும், அதனால் உடலுக்கு நேரும் மாறுதலை முதலில் அவற்றிடம்தான் ஆராய்கின்றனர். அவ்வாறு ஆராயப்பட்ட பண்டங்களுள் ஒன்று, சிற்றுண்டிச்சாலைகளில் ‘அஜினமோட்டோ’ என்று வழங்கும் சுவை உப்பு. மோனோஸோடியம் குளூட்டாமேட் என்பது அதன் இரசாயனப் பெயர்.

இவ்வுப்பைக் குறித்து மக்களிடையே இருவேறு பேச்சுகள் நிலவுகின்றன. மூளையை அழிக்கும் நஞ்சு என்பார் ஒரு சாரார். சமையல் உப்பைப் போல் தீங்கற்றது என்பார் மற்றொரு சாரார். இதில் விந்தை யாதெனில், இரு சாராரும் எலியையே சாட்சிக்கு அழைக்கின்றனர். பொட்டலங்களில் அடைத்த சேவை வகைகளும் மசாலைப் பொடிகளும் இன்று சிற்றூர்க் கடைகளிலும் தொங்குகின்றன. வாங்கிச் செல்லும் தாய்மார் அவற்றைச் சிறு குழந்தைகளுக்கும் ஊட்டுகின்றனர். ஆகவே எலி உண்மையில் என்ன சாட்சி சொல்லிற்று என்பதை நாம் அறிந்துகொள்வது நலம்.

முதலில் பண்டத்தைப் பற்றிச் சில சொற்கள். குளூட்டாமிக் அமிலத்தை 1866-ஆம் ஆண்டில் ரிட்டவுசன் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் கோதுமைப் பசையினின்றும் பிரித்தெடுத்தார். அதற்குச் சுவையோடு தொடர்பு உண்டென்பதைக் கண்டவர் டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் கிகுனே இகேடா. ஜப்பானியர் குழம்பு காய்ச்சுவதற்குப் பயன்படுத்தும் ‘கொம்பு’ என்னும் கடற்பாசியிலிருந்து 1908-இல் அவர் இவ்வமிலத்தைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றில் அடங்காத அச்சுவைக்கு ‘உமாமி’ என்று பெயர் சூட்டினார். மறு ஆண்டே அது கடைக்கு வந்துவிட்டது. தொடக்கத்தில் கோதுமைப் பசையை அமிலத்திலிட்டுக் காய்ச்சி எடுத்தனர். 1950-களின் பிற்பகுதியில், சர்க்கரையைத் தின்று குளூட்டாமிக் அமிலத்தை வெளியிடும் ஒரு நுண்ணுயிரை ஜப்பானியர் கண்டறிந்தனர். அது முதல் கரும்பாலைக் கழிவுப்பாகும் மரவள்ளி மாவும் இதன் மூலப்பொருள்களாயின. கரும்பு பயிரிடும் நம் அங்கத்தினர் பலர் இச்செய்தியை அறிந்திருக்கமாட்டார்கள்.

குளூட்டாமேட் நம் உடலுக்கு அந்நியமானதன்று. பருப்பு, பால், மீன், தானியம் ஆகியவற்றின் புரதத்தில் அது கட்டுண்டு கிடக்கிறது. பழுத்த தக்காளியில் கட்டுறாத நிலையிலேயே இருக்கிறது; ரசத்தின் ருசிக்கு அதுவும் ஒரு காரணம். தாய்ப்பாலில் பசும்பாலைவிடப் பல மடங்கு உண்டு. மூளையிலோ அதற்கு வேறொரு வேலை. ஒரு நரம்பணு அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி அனுப்பும்போது, குளூட்டாமேட்டையே தூதாக அனுப்புகிறது. தூது சென்று சேர்ந்தவுடன் அது அகற்றப்பட வேண்டும். அகலாமல் மிகுந்து நின்றால், செய்தி பெறும் நரம்பணு ஓயாமல் தூண்டப்பட்டு, கால்சியம் உட்புகுந்து, வீங்கி, சில மணி நேரத்தில் மடிகிறது. இதன் பொருட்டே மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையே ஒரு தடுப்பு அமைந்திருக்கிறது. இரத்தத்திலுள்ள குளூட்டாமேட் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது.

எலியின் சாட்சியம் 1957-இல் தொடங்குகிறது. லூகாஸ், நியூஹவுஸ் என்னும் இருவர், பிறந்து சில நாட்களே ஆன சுண்டெலிகளுக்குக் குளூட்டாமேட் உப்பை ஊசி வழியாகச் செலுத்தினர். விழித்திரையின் உள்ளடுக்குகள் அழிந்துபோயின. அன்று இது கண் மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய செய்தியாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1969-இல், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரிலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஜான் ஆல்னி என்னும் மருத்துவர் அதே முறையைக் கையாண்டபோது, ஊசி போடப்பட்ட சுண்டெலிகள் வளர்ந்தபின் விபரீதமாகக் கொழுத்திருக்கக் கண்டார். மூளையை அறுத்துப் பார்த்ததில், ஹைப்போதலாமஸ் என்னும் அடிப்பகுதியில் வில்போல் வளைந்த ஒரு சிறு நரம்புத்திரள் அழிந்திருந்தது. எலி குட்டையாக நின்றுவிட்டது, உடல் பருத்தது, பெண் எலிகள் மலடாயின. தூண்டுதல் மிகுதியால் நரம்பணு மடியும் இந்நிகழ்ச்சிக்கு அவரே பெயரும் இட்டார்.

மூளை முழுவதும் தப்பியிருக்க, அந்த வில் திரள் மட்டும் ஏன் மடிந்தது? மேற்கூறிய தடுப்பு அவ்விடத்தருகே இல்லை என்பதே விடை. உடலில் ஊட்டம் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதே அத்திரளின் கடமை. ஆதலால் அங்கே வாயில் திறந்திருக்க வேண்டியிருக்கிறது. பிறந்து பத்து நாட்களுக்குட்பட்ட எலிக்குட்டியில் நரம்பணுக்கள் இன்னும் மென்மையாக உள்ளன. வளர்ந்த எலியில் அதே சேதத்தை விளைவிக்க இன்னும் மிகுந்த அளவு தேவைப்படுகிறது.

இனி ஹார்மோன்களின் கதைக்கு வருவோம். ஹார்மோன் என்பது ஒரு சுரப்பியில் ஊறி, இரத்தத்தின் வழியே சென்று, தொலைவிலுள்ள உறுப்பை ஏவும் நீர். சுரப்பிகளுக்குத் தலைமை பிட்யூட்டரி. பிட்யூட்டரிக்கு ஆணையிடுவது ஹைப்போதலாமஸ். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் நரம்பணுக்கள் பெரும்பாலும் அந்த வில் திரளிலேயே உள்ளன. அவை மடிந்தபின் ஆணை அனுப்புவார் இல்லை. பிட்யூட்டரி சிறுத்துவிடுகிறது, வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, எலியின் உடலும் வாலும் நீளமின்றி நிற்கின்றன.

பசியையும் கொழுப்பையும் ஆள்வதும் அத்திரளே. உடற்கொழுப்பு மிகும்போது லெப்டின் என்னும் ஹார்மோன் மூளைக்குச் சென்று ‘போதும்’ என்று அறிவிக்கிறது. கேட்கும் செவியே அழிந்தபின் அறிவிப்பால் பயன் என்ன? இரத்தத்தில் லெப்டின் மிகுந்திருந்தும் எலி கொழுத்துக்கொண்டே போகிறது. இன்சுலினும் மிகுகிறது, ஆனால் உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நீரிழிவின் முன்வாயில் இதுவே. இவ்வெலி பெருந்தீனி தின்பதன்று என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். மற்ற எலிகள் தின்னும் அளவோ அதற்குச் சற்றுக் குறைவாகவோதான் தின்கிறது. உண்டதை எரித்து வெப்பமாக்கும் வேலை மந்தப்பட்டுவிடுவதால் மிச்சமெல்லாம் கொழுப்பாகத் தங்குகிறது. பருத்தவர் அனைவரும் பெருந்தீனிக்காரர் என்று எள்ளி நகையாடுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எலி பருத்துவிட்டதா என்பதை அளப்பதற்கு ஆராய்ச்சியாளர் கொண்டுள்ள முறை நெசவாளர்க்குப் பிடிக்கும். 40-ஆம் நம்பர் நூல், 60-ஆம் நம்பர் நூல் என்று நாம் கூறும்போது, நூலின் பருமனை நேரே அளவாமல், எடையையும் நீளத்தையும் ஒப்பிட்டே எண் குறிக்கிறோம் அல்லவா? அதுபோல் எலியின் எடையையும் மூக்கு நுனி முதல் உடலின் கடைசி வரையுள்ள நீளத்தையும் ஒப்பிட்டு ஓர் எண் காண்கின்றனர். வெறும் எடையைப் பார்த்தால் இந்தக் குட்டை எலியின் கொழுப்பு தெரியாமற் போய்விடும்.

இனவிருத்திச் சுரப்பிகளும் தப்பவில்லை. பிட்யூட்டரியிலிருந்து வரவேண்டிய ஆணை குன்றுவதால் ஆண் எலியின் விதைப்பைகளும் பெண் எலியின் கருப்பைச் சுரப்பிகளும் சிறுக்கின்றன, பருவமடைதல் தாமதிக்கிறது. அட்ரீனல் சுரப்பியின் கார்ட்டிகோஸ்டிரோன் மட்டும், பல ஆய்வுகளில், மிகுந்தே காணப்பட்டது. ஏறியது இது ஒன்று, இறங்கியவை பல. இவ்வேற்ற இறக்கங்களின் மூலமாகவே நோய் எதிர்ப்பு சக்தியும் பாதிக்கப்படுகிறது.

மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. வெள்ளையணுக்களில் ஒரு வகை அங்கே தங்கி, உடலுக்குரியது எது, பகையாக வந்த கிருமி எது என்று பகுத்தறியப் பயிற்சி பெறுகிறது. அட்ரீனல் ஹார்மோன் மிகுந்தால் இச்சுரப்பி சுருங்கும். மான்ட்ரீல் நகரில் ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் 1936-இல் எலிகளைக் குளிராலும் காயத்தாலும் வாட்டிப் பார்த்தபோது, அட்ரீனல் பெருத்துத் தைமஸ் சுருங்கியிருக்கக் கண்டார். வளர்ச்சி ஹார்மோனோ இதற்கு மாறாகத் தைமஸைப் பேணுவது. வயது முதிர்ந்த எலிகளின் உடலில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்களைப் பொருத்தியபோது, வற்றிப்போன தைமஸ் மீண்டும் தழைத்ததை 1986-இல் கண்டனர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குளூட்டாமேட் ஊசி பெற்ற எலியின் நிலை விளங்கும். பேணும் கை தளர்ந்தது. வாட்டும் கை வலுத்தது.

வளர்ந்த எலிகளின் வயிற்றறைக்குள் இவ்வுப்பைத் தொடர்ந்து ஆறு நாட்கள் செலுத்திப் பார்த்ததில், தைமஸ் உயிரணுக்கள் வழக்கத்தைவிட மிகுதியாக மடிந்ததும் பதிவாகியுள்ளது. இது தவிர, கொழுத்த எலியின் கொழுப்புத் திசு சும்மா கிடப்பதில்லை. காயமோ கிருமியோ இல்லாதபோதும் அழற்சியை எழுப்பும் பொருள்களை அது இடைவிடாது இரத்தத்தில் கலந்துவருகிறது. ஈரலில் அழற்சி காணப்படுகிறது. காவற்காரன் கள்வன் வராத நாளிலும் இரவு முழுவதும் கூச்சலிட்டுக்கொண்டிருந்தால் வீட்டாருக்கு என்ன நேருமோ, அதுவே இங்கும் நேருகிறது. கொழுத்த மனிதரிடமும் இத்தகைய தணியாத அழற்சி உண்டென்பதால்தான், இந்த எலியை ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டு பருமனுக்கும் நீரிழிவுக்கும் மருந்து தேடுகின்றனர்.

இதுவரை கூறியவை அனைத்தும் மெய். அச்சுறுத்துவோர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகின்றனர். மீதியையும் போட்டுப் பார்ப்போம்.

வழக்கமான பரிசோதனையில் எலிக்குட்டிக்கு அதன் எடையில் ஒவ்வொரு கிராமுக்கும் 4 மில்லிகிராம் உப்பு, தோலுக்கடியில் ஊசி வழியாக, முதல் பத்து நாட்களுக்குள் பலமுறை செலுத்தப்படுகிறது. அதே ஈற்றில் பிறந்த வேறு குட்டிகளுக்குச் சமவலிமையுள்ள சாதாரண உப்புநீரைச் செலுத்தி ஒப்பிடுகின்றனர். நாம் உரத்தைச் சோதிக்கும்போது ஒரு பாத்தியை உரமிடாமல் விட்டுவைப்பதை ஒத்த முறை இது. 6 கிராம் எடையுள்ள குட்டிக்கு ஒரு தடவைக்கு 24 மில்லிகிராம். இவ்விகிதத்தை 3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தைக்குக் கணக்கிட்டால் 12 கிராம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 200 கிராம். அதுவும் வாய்வழி அன்று. ஒரே தடவையில் ஊசிவழி. எந்தச் சமையற்காரரும் ஒரு தட்டில் அவ்வளவு போடமாட்டார். போட்டால் வாயில் வைக்க இயலாது.

வாய்வழி உட்கொண்டால் என்ன ஆகும் என்பதே நமக்கு வேண்டிய கேள்வி. உணவில் வரும் குளூட்டாமேட்டின் பெரும்பகுதியைக் குடலின் உட்சுவரே தன் எரிபொருளாகச் செலவிட்டுவிடுகிறது. இரத்தத்தை எட்டுவது சொற்பம். மாவுப்பண்டங்களோடு கலந்து உண்டால் அது மேலும் குறைகிறது. ஆயினும் 1970-இல் ஆல்னியும் அவருடன் பணியாற்றியவரும், பச்சிளம் சுண்டெலிக்கு வெறும் வயிற்றில் குழாய்வழியே மிகுந்த அளவு புகட்டினால் மூளையில் சேதம் உண்டாவதைக் காட்டினர். ஆகவே வாய்வழி என்பதனாலேயே முழுக் காப்பு என்று சொல்லிவிட முடியாது. பால்குடி மறந்த சுண்டெலிகளுக்குத் தீவனத்தில் கலந்து தாராளமாகக் கொடுத்தபோதோ அச்சேதம் காணப்படவில்லை. குரங்குக் குட்டிகளைப் பற்றி அறிஞரிடையே வழக்கு எழுந்தது. ஆல்னி சேதம் கண்டார். பிற ஆராய்ச்சிச்சாலைகளில் அதே பரிசோதனையைச் செய்தவர்கள் காணவில்லை.

அண்மைக் காலத்தில் குடிநீரில் கலந்தும் தீவனத்தில் கலந்தும் எலிகளை ஆராய்ந்து, இந்தச் சுரப்பி கெட்டது, அந்த ஹார்மோன் குறைந்தது என்று எழுதப்படும் கட்டுரைகள் ஏராளம். ஐந்தாறு எலிகளைக் கொண்டு, மனிதன் உண்ணாத அளவைக் கொடுத்துச் செய்தவையும் அவற்றுள் உண்டு. அத்தகையவற்றைப் பத்திரிகையில் கண்டால், எலிக்கு ஒரு கிலோவுக்கு எத்தனை கிராம், எந்த வழியில், எந்த வயதில் என்று கேட்காமல் நம்புவது, விதை நெல்லை முளைப்புத்திறன் பாராமல் வாங்குவது போலாகும்.

மனிதரைப் பற்றிய பேச்சு 1968-இல் எழுந்தது. அமெரிக்காவில் வாழ்ந்த ராபர்ட் ஹோ மான் குவாக் என்னும் மருத்துவர், சீன உணவுவிடுதியில் உண்டபின் பிடரி மரத்துப்போவதாகவும், சோர்வும் நெஞ்சுப் படபடப்பும் காண்பதாகவும் மருத்துவ இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். காரணம் சோயாச் சாறோ, சமையல் மதுவோ, இவ்வுப்போ என்று பலவற்றைச் சந்தேகித்தே எழுதினார். பழி என்னவோ இவ்வுப்பின் மேலேயே விழுந்தது. தமக்கு இது ஒவ்வாது என்று கூறிய 130 பேரை, எது உப்பு எது வெறும் பானம் என்று அறிவிக்காமல் சோதித்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உணவின்றி 5 கிராம் கொடுத்தும், ஒரு முறை தோன்றிய உபத்திரவம் மறுமுறை தோன்றவில்லை. உணவின்றி 3 கிராம் அல்லது அதற்கு மேல் உட்கொண்டால் சிலருக்குச் சிறிது நேரத் தலைவலியோ மரத்தலோ உண்டாகலாம் என்று 1995-இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்று கருதியிருந்தது.

எவ்வளவு உண்ணலாம் என்பதில் அதிகார சபைகளும் ஒருமித்த கருத்துடையன அல்ல. உலக உணவு விவசாய ஸ்தாபனமும் உலக சுகாதார ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, எண்ணால் வரம்பு குறிக்கத் தேவையில்லை என்று 1987-இல் கூறிற்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் வரம்பு குறித்தது. அது கணக்கிட்ட விதம் கவனிக்கத்தக்கது. உணவில் கலந்து கொடுக்கப்பட்ட எலிகளில், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3,200 மில்லிகிராம் வரை நரம்பு வளர்ச்சிக்குத் தீங்கு காணப்படவில்லை. ஊசியில் சென்று மூளையைச் சிதைத்த அளவு 4,000 என்பதை இதனோடு வைத்துப் பாருங்கள். வழி மாறினால் விளைவு எவ்வளவு மாறுகிறது! அந்த 3,200-ஐ, எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமைக்காகப் பத்தாலும், மனிதருக்குள் உள்ள வேற்றுமைக்காக மீண்டும் பத்தாலும் வகுத்து, கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று நிர்ணயித்தனர். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம். எண் ஒன்று இருப்பது நல்லது என்பதே என் கருத்து; வரம்பில்லை என்ற சொல்லைக் கடைக்காரர் ஒருவிதமாகவும் உண்பவர் வேறுவிதமாகவும் பொருள் கொள்வர். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அவ்வரம்பு 0.3 கிராமே ஆகும். மசாலைப் பொட்டலத்தை நாள்தோறும் பிரிக்கும் வீடுகளில் குழந்தைகள் அதைத் தாண்டிவிடக்கூடும்.

குழந்தைகளின் விஷயத்தில் மட்டும் எலியின் சாட்சியை நான் பெரிதாகவே மதிக்கிறேன். சேதம் முழுவதும் பச்சிளம் பருவத்தையே சார்ந்தது. அப்பருவத்தில் இச்சுவை குழந்தைக்குத் தேவையும் இல்லை. ஆல்னியின் கட்டுரை வெளிவந்த 1969-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் குழந்தை உணவு உற்பத்தியாளர்கள் இவ்வுப்பைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டனர். நம் நாட்டிலும், இவ்வுப்பைச் சேர்த்த பொட்டலத்தின்மேல் அதனை அறிவித்து, 12 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று அச்சிட வேண்டுமென விதி செய்யப்பட்டுள்ளது. எழுத்து மிகப் பொடியாக இருக்கும். பொருட்பட்டியலில் 621 என்ற எண் காணப்பட்டால் அது இவ்வுப்பே. 627, 631, 635 என்பன வேறு சுவையூட்டிகளைக் குறிப்பவை. இதனோடு சேர்த்தும் தனித்தும் போடப்படுகின்றன. பண்டகசாலையில் விற்பனைக்கு அமர்ந்திருப்பவர் கைக்குழந்தையோடு வரும் தாயிடம் அந்த எண்ணைச் சுட்டிக் காட்டினால் போதும்.

இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது ஸோடியத்தை. சமையல் உப்பில் நூற்றுக்கு 39 பங்கு ஸோடியம். இவ்வுப்பில் சுமார் 12 பங்கு. சமையல் உப்பைக் குறைத்து அதற்கு ஈடாக இதைச் சிறிது சேர்ப்பவருக்கு ஸோடியம் குறைகிறது. ஆனால் பொட்டலச் சரக்குகளில் இரண்டையும் தாராளமாகவே இடுகின்றனர். அங்கே அழுத்தத்தை ஏற்றுவது பெரும்பாலும் சமையல் உப்பின் பங்குதான்.